பாசம் வைக்கக் கூடாது என்று விதி எழுதிய மகனுக்கு

யூசுப்,

முதலில் ஸலாம். சண்டை அப்புறம்.

நீ விட்டுவிட்டுப் போன படிவம் என் முன்னால் இருக்கிறது. எட்டுப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். அதற்குள் நான் கையெழுத்துப் போட்டு, இரண்டு பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி துணிமணிகளை எடுத்துவைத்துத் தயாராக இருக்க வேண்டுமாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பூ மி ஹங் புதுநகரில் நீயே திட்டம் போட்டு நடத்துகிற முதியோர் குடியிருப்பில், ஏழாவது மாடியில், ஆறு தெரிகிற ஜன்னலோடு எனக்கு ஓர் அறை. நல்ல அறைதான். ஆனால் நான் வர மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பக்கத்துக்குள் உம்மா மனசு மாறியிருப்பாள் என்று நீ நம்பிக்கொண்டே படிக்க வேண்டாம். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் "உம்மா, மீட்டிங்ல ஈக்கிறேன், அப்புறம் கூப்புடுறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. சைகோனில் நம் ஆட்கள் வீட்டுப் பிள்ளைகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீ அதில் ஒருவன், அதுவும் என் பிரம்படியால். ஆகவே உட்கார்ந்து படி. படித்த பிறகு உன் ஆபீஸில் யாருக்கு வேண்டுமானாலும் மொழிபெயர்த்துக் காட்டு. எனக்கு ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

போன மாதம் அந்த இடத்தைச் சுற்றிக் காட்ட என்னை அழைத்துப் போனாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். தரை பளபளவென்று இருந்தது. வழுக்காத தரை என்றாய், நடந்து பார்த்தேன், வழுக்கவில்லை. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. படுத்தால், எழுந்தால், குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் எல்லாமே கீழே ஒரு திரையில் தெரிகிறது. சின்ன வயதில் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து காட்டுகிற அதே முகத்தோடு காட்டினாய், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நாலாவது மாடியில் ஒரு வயதான அம்மாளுக்கு ஒரு பெண் தலைவாரிக்கொண்டிருந்தாள். தூய் என்று பெயர், மெக்கோங் பக்கத்து ஊர்க்காரி, இருபத்திரண்டு வயதிருக்கும். அந்த அம்மாள் அவளைத் தன் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தூய் திருத்தவில்லை. தெற்கத்திப் பெண்கள் பெற்ற தாய்க்குச் சொல்கிற மாதிரி "யா, மா" என்று பதில் சொல்லிக்கொண்டே பின்னலை முடித்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நீ என் காதோரம் சொன்னாய்: "அடுத்த வாரம் இவள வேற மாடிக்கு மாத்திடுவோம் உம்மா. மாசத்துக்கு ஒரு தடவ ஸ்டாஃப் எல்லாரையும் மாத்துறது ரூல். நான் எழுதுனதுதான்." ஏன் என்று கேட்டேன். "பாசம் வச்சுருவாங்க உம்மா. ஒருத்தவங்கள அதிகமா பாப்பாங்க, இன்னொருத்தவங்களுக்குக் கொறையும். நாளைக்கு அவ வேலய விட்டுப் போனா இவங்க சாப்புட மாட்டாங்க. சிஸ்டம்னா யாரு இல்லாட்டியும் ஓடணும்." நான் தலையாட்டினேன் என்று நீ நினைத்திருப்பாய். தூயின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது காரில் ஏசி அதிகம் என்று சாக்குச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்குச் சொல்கிறேன்.

நான் விழுந்ததிலிருந்துதான் உனக்கு இந்த அவசரம். சுபுஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனவள், குளியலறை ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது, இடுப்பு தப்பித்தது. எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு நீ ஓடி வந்தாய். டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதேதோ விசாரித்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, "பக்கத்து வீட்டுக்காரி பாத்தது லக் உம்மா. எல்லா நாளும் லக்க நம்பி ஈக்க முடியாது" என்றாய். முறிந்த கையைவிட அந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது. என்ன நடந்தது என்று நீ கேட்கவே இல்லை. நான் சொல்கிறேன். முப்பது வருடத்துக்கும் மேலாக நம் வீட்டு இரும்புக் கதவு காலை ஆறு மணிக்குத் திறக்கும். அந்தச் சத்தம் சந்து முழுக்கக் கேட்கும். அன்றைக்கு ஆறேகால் ஆகியும் கேட்கவில்லை. சந்து முனையில் உடைந்த அரிசிச் சோறும் பன்றி வறுவலும் விற்கிற ஹுவே, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து கதவைத் தட்டினாள். பதில் வராததால் எதிர்வீட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பூட்டை நெம்பச் சொன்னாள். உள்ளே முதலில் அவள் மட்டும் வந்தாள். நான் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, ஆண்களை வாசலிலேயே நிறுத்தினாள். கொடியில் கிடந்த என் துப்பட்டியை எடுத்து என் தலையை மூடினாள், கால்வரை இழுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் "இப்ப வாங்க" என்று குரல் கொடுத்தாள்.

இதில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவளும் நானும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் அவள் நாயால் வந்த வினை. அது நம் வாசற்படியை நக்கும், நான் தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன், மறுபடி வந்து நக்கும். ஏழு தடவை கழுவ வேண்டிய மார்க்கம் எனக்கு, நாயைப் பிள்ளையாக வளர்க்கிற மனசு அவளுக்கு. ஒருநாள் நான் விளக்குமாற்றை ஓங்கினேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று கேட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை, அவள் விற்கிற சோற்றைப் பற்றிச் சொல்லக் கூடாததைச் சொன்னேன். அன்றோடு முகம் பார்ப்பதை நிறுத்தினோம். அப்படிப்பட்டவள்தான் அன்றைக்கு வந்தாள், அதுவும் நாயை வெளியே விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டு வந்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை என் தலைமாட்டில் உட்கார்ந்து திட்டித் தீர்த்தாள். "ஆறு மணிக்குக் கதவத் திறக்காம படுத்துக் கிடக்க உனக்கு என்ன திமிரு! என் சோறெல்லாம் அடிப்பிடிச்சுப் போச்சு, யாரு விக்கிறது அத?" வலியோடு வலியாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதையா லக் என்கிறாய்? நம் வீட்டுக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ஒருத்திக்குத் தெரிவதற்கு அத்தனை வருடம் ஆகியிருக்கிறது. யார் முன்னால் நான் தலையை மூடுவேன், எதைத் தொட மாட்டேன் என்று அவளுக்குத் தெரிவதற்கு நாங்கள் அவ்வளவு சண்டை போட வேண்டியிருந்தது. இதுவும் ஓர் ஏற்பாடுதான் யூசுப், உன் குடியிருப்பைவிடப் பழைய ஏற்பாடு. யாரும் காகிதத்தில் எழுதிவைக்காததால் உன் கண்ணுக்கு அது தெரியவில்லை. உன் இடத்தில் நான் விழுந்தால் திரையில் சிவப்பு விளக்கு எரியும், யாரோ ஓடி வருவார்கள். அது நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓடி வருகிற பெண்ணுக்கு என் தலையை மூட வேண்டும் என்று தெரியுமா? அதைத் தெரிந்துகொள்வதற்குள் நீ அவளை வேறு மாடிக்கு அனுப்பியிருப்பாய்.

இப்படி ஒரு விதியை என் பிள்ளை எங்கே கற்றான் என்று நிறைய யோசித்தேன். சிங்கப்பூர்ப் படிப்பு என்று முதலில் பழி போட்டேன். இல்லை, என்னிடம்தான் கற்றிருக்கிறாய். இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். எழுபத்தைந்தில் ஆட்சி மாறின பிறகு நம் ஆட்களில் பெரும்பாலோர் காரைக்காலுக்கும் பிரான்சுக்கும் போய்விட்டார்கள். உன் வாப்பாவின் ஜவுளிக்கடையும் மூடிப்போயிற்று. "பள்ளிவாசலுக்கு ஆளு வேணும், நான் வரல" என்று அவர் பிடிவாதமாக இருந்துவிட்டார், அவருக்காக நானும் இருந்தேன். அரிசி கிடைக்காத வருடங்கள் அவை. ரேஷனில் போபோ என்ற முரட்டுத் தானியத்தைக் கலந்து கொடுப்பார்கள், மணிக்கணக்கில் வேகவைத்தாலும் பல்லுக்கு அடங்காது. அந்தப் பஞ்சத்திலும் நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி நிற்கவில்லை. இருந்த ஏழெட்டு வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒரு கை அரிசி வரும். கறி இல்லை, வெந்தயம் இல்லை, தேங்காய்ப்பாலும் ரம்பை இலையும்தான். அசர் தொழுகைக்குப் பிறகு நம் ஆட்களும் வருவார்கள், சந்தில் இருக்கிற வியட்நாம்காரர்களும் ஏனத்தோடு வருவார்கள். யாரையும் நீ முஸ்லிமா என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை.

கஞ்சி காய்ச்சியவர் அலியார் நானா. ஊற்றுவதும் அவர்தான். ஒரு கரண்டி ஊற்றுவதற்குள் பத்துக் கேள்வி கேட்பார். வீட்டில் யார் யார், பிள்ளைக்கு இருமல் நின்றதா, புருஷனிடமிருந்து கடுதாசி வந்ததா. வரிசை ஆமை மாதிரி நகரும். எனக்குக் கோபம் கோபமாக வரும். நான் காரைக்காலில் கான்வென்டில் படித்தவள், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்கிற திமிர் எனக்கு நிறைய. சிலர் இரண்டு தடவை வாங்குகிறார்கள் என்றும், கடைசியில் நிற்பவர்களுக்குக் கஞ்சி தீர்ந்துபோகிறது என்றும் புகார் வந்தது. பொய்ப் புகார் இல்லை, உண்மைதான். உடனே நான் கிளம்பினேன். மூடின கடையில் கிடந்த சட்டைப் பெட்டி அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, ஆளுக்கு ஒரு சீட்டு என்று கொடுத்தேன். ஒரு சீட்டுக்கு ஓர் ஏனம், ஓர் ஏனத்துக்கு ஒரு கரண்டி, பேச்சுக் கிடையாது. ஒரு மணி நேரம் நின்ற வரிசை கால் மணியில் முடிந்தது. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். உன் வாப்பா மட்டும், "வரிசைல சத்தமே இல்லாம போச்சே" என்றார். அதையும் நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

நம் சந்தில் பா து என்று ஒரு பெண் இருந்தாள், உனக்கு நினைவிருக்காது. து என்றால் நாலு. மூத்த பிள்ளையையே இரண்டு என்று கூப்பிடுகிற ஊர் இது, ஆகவே அவள் வீட்டில் உண்மையில் மூன்றாவது பிள்ளை. ஐம்பது வயது, தனிக்கட்டை. எப்போதும் இரண்டு ஏனம் கொண்டுவருவாள், ஓர் அலுமினியத் தூக்கு, ஓர் எனாமல் குவளை. புகாரில் முதல் பெயரே அவளுடையதுதான். சீட்டுப் போட்ட முதல் நாள் அவளை நான்தான் மறித்தேன். "சீட்டு ஒன்று, ஏனம் ஒன்று" என்றேன், அவர்கள் பாஷையில், எல்லார் முன்னாலும். அவள் வாதாடவில்லை. சிரித்துக்கொண்டே குவளையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தூக்கை மட்டும் நீட்டினாள். மறுநாளிலிருந்து குவளையைக் கொண்டுவரவே இல்லை. பார்த்தீர்களா, ஒழுங்கு வந்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்டேன்.

பதினோராவது நாள் அவள் தெருக்குழாயடியில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் பிடிக்கப் போன நான்தான் தாங்கிப் பிடித்தேன். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பி, சாப்பிட்டு எத்தனை நாள் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். சந்தின் கடைசி வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சீனர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். சீனர் பேட்டையான சோலோனில் செருப்புப் பட்டறை வைத்திருந்தவர், பிள்ளைகள் படகேறிப் போய்விட்டார்கள். அவருக்கும் இவளுக்கும் எந்த உறவும் இல்லை. அந்த எனாமல் குவளை அவருடையது. நான் ஓர் ஏனம் என்று சொன்ன நாளிலிருந்து தன் தூக்கில் வாங்கியதை அவருக்கு ஊட்டிவிட்டு, இவள் கீரையை அவித்துத் தின்றுகொண்டிருந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று அழாத குறையாகக் கேட்டேன். அவள் கோபமே இல்லாமல் பதில் சொன்னாள்: "யாருக்குன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ சீட்டத்தானே கேட்ட." பெருநாளுக்கு நாலு நாள் கழித்து அந்தச் சீனர் இறந்துபோனார். முழுக் குவளை கஞ்சி கிடைத்திருந்தால் இருந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை வருடம் என்னால் அதை விழுங்க முடியவில்லை.

அலியார் நானாவுக்கு அந்தக் குவளை யாருக்கு என்று முன்பே தெரியும். கரண்டிக்குப் பத்துக் கேள்வி கேட்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் வாயை நான்தான் சீட்டால் அடைத்தேன். சத்தமாக இருந்த அந்த வரிசைதான் எங்கள் சந்தின் செய்தித்தாள், ஆஸ்பத்திரி, எல்லாமே. மிச்சமிருந்த அட்டைகளை அடுப்பில் வைத்தேன். அடுத்த நோன்புக்கு, ஆண்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று கரண்டியை நானே பிடித்தேன். ஊற்றும்போது கேட்டேன். முதலில் எனக்குக் கேட்கவே தெரியவில்லை, போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது, சிரித்தார்கள். மெல்ல மெல்ல வந்தது. வரிசை மறுபடி ஒரு மணி நேரம் ஆயிற்று. சில நாள் கடைசி ஆளுக்குக் கஞ்சி தீர்ந்துதான் போயிற்று. அப்போது முன்னால் வாங்கினவர்கள் தங்கள் ஏனத்திலிருந்து ஊற்றிக் கொடுத்தார்கள், கடைசியில் நிற்பவர் யார் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்ததால். உனக்கு மூன்று வயதில் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தபோது ஊசி எடுத்துக்கொண்டு ஓடி வந்தவள் அந்த வரிசையில் நின்றவள்தான். அவள் முன்பு நர்ஸாக இருந்தாள் என்பது எனக்குக் கரண்டியால் தெரிந்த செய்தி.

உம்மா வயதாகிப்போய் சந்தைச் சொர்க்கம் என்கிறாள் என்று சிரிக்காதே. இந்தச் சந்தின் லட்சணம் எனக்குத் தெரியும். இங்கே ஒரு பாத்திரம் விழுந்தால் எட்டு வீட்டில் காரணம் கேட்பார்கள். கரோக்கே என்ற பெயரில் கத்துகிற கத்தில் என் காது பாதி போய்விட்டது. அந்தப் பழைய வருடங்களில் நம் வீட்டுக்கு யார் வருகிறார்கள், என்ன சமைக்கிறோம் என்று வார்டு ஆபீஸில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்த ஆளும் இதே சந்தில்தான் இருந்தார். அவரும் எல்லாரையும் கவனித்தார், உன் திரையைவிட நன்றாகவே கவனித்தார். வெறுமனே கவனிப்பது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்பதை அப்போதே படித்துவிட்டேன். அவருக்கு நம் கதவு எப்போது திறக்கும் என்று தெரியும், ஆனால் அது திறக்காத நாளில் அவர் வந்திருக்க மாட்டார். ஹுவே வந்தாள். அவளை ஓடிவரச் செய்தது எதுவோ, அதைத்தான் நீ மாதம் ஒருமுறை ஸ்டாஃபை மாற்றி மாற்றி முளைக்க விடாமல் செய்கிறாய்.

இன்னொரு தவறும் என்னுடையதே. உன்னைச் சந்தில் யாரோடும் சேரவிடவில்லை. கீழே பிள்ளைகள் செருப்பை வைத்து எறிந்து விளையாடுவார்கள், நீ மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். "உள்ள போய்ப் படி வாப்பா, அவனுவளோட நமக்கென்ன" என்பேன். ஹுவே கல்யாணமாகி வந்த புதிதில் உனக்கு ஒரு பழம் நீட்டினாள், அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவள் நான். படித்தாய், முன்னுக்கு வந்தாய், சந்தோஷம். உன் வாப்பா மவுத்தான அன்று நீ விமானத்தில் இருந்தாய். மய்யித்தைச் சந்திலிருந்து வெளியே கொண்டுபோக வண்டி நுழையாது. அந்த மெக்கானிக்கும் அவன் தம்பிமார்களும் நம் ஆட்களோடு தோள் கொடுத்தார்கள். ஹுவே அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை, நம் வீட்டுக்கு வருகிறவர்கள் மூக்கில் பன்றி வாடை படக் கூடாது என்று. நீ வந்து இறங்கியதும் எல்லாருக்கும் நன்றி சொல்லி, கையில் ஒரு பண உறை கொடுக்கப் போனாய். அவர்கள் வாங்கவில்லை. நீ குழம்பிப்போய் என்னைப் பார்த்தாய். அந்தக் குழப்பம் நான் வளர்த்த வளர்ப்பு. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் என் தவறை நீ எட்டு மாடிக் கட்டடமாகக் கட்டுவதற்குச் சம்மதம் சொல்ல மாட்டேன்.

பாசம் வைத்தால் ஒருநாள் பிரிவு வரும், கிழவி சாப்பிட மாட்டாள் என்கிறாய். ஆமாம், சாப்பிட மாட்டாள். இரண்டு நாள் அழுவாள். அழட்டும். தூய் கல்யாணமாகிப் போனால் அவளும் அழுவாள். அழுவதற்கு ஓர் ஆள் இருப்பதுதான் அந்த அம்மாளுக்கு மிச்சம். அதை எடுத்துவிட்டு வழுக்காத தரை கொடுக்கிறாய். ஒருத்தியை அதிகம் கவனிப்பார்கள், இன்னொருத்தியைக் குறைத்துக் கவனிப்பார்கள் என்ற பயம் நியாயமானது, நானும் அந்தப் பயத்தில்தான் சீட்டு வெட்டினேன். அதற்கு மருந்து, எல்லாரையும் ஒரே மாதிரி யாருக்கும் தெரியாதவர்களாக வைத்திருப்பதா? ஆட்களைக் கூட்டு. ஒரு மாடிக்கு ஒரே ஆட்களை வருடக்கணக்கில் வை. ஒருத்தி போனால் மற்றவள் பார்த்துக்கொள்கிற மாதிரி இரண்டு பேரைச் சேர்த்தே பழகவிடு. கீழ்த்தளத்தில் அந்தப் பெரிய கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு, அக்கம்பக்கத்துக்காரர்கள் காப்பி குடிக்க வந்துபோகட்டும், சத்தம் வரட்டும். செலவாகும் என்பாய், மெதுவாகும் என்பாய், பாதுகாப்பு என்பாய். உன் மூளைக்கு இதெல்லாம் ஒரு வாரத்து வேலை. உன்னால் முடியாதது இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். முதலில் அந்த விதியை எடு. தூயை அந்த நாலாவது மாடிக்கே திருப்பி அனுப்பு. உம்மா உன்னிடம் கெஞ்சவில்லை, சொல்கிறேன்.

படிவத்தை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை. ஆனால் ஒவ்வொரு பக்கமும் படித்தேன், சர்க்கரை உண்டா, சுவர்ப்பக்கம் படுப்பேனா, உப்பு எவ்வளவு என்று எல்லாக் கேள்வியையும். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று. ஒரு பெயருக்குத்தான் இடம். அதில் உன் பெயரை நீயே டைப் செய்து வைத்திருக்கிறாய். எனக்கு அவசரம் என்றால் நீ பூ மி ஹங்கிலிருந்து பாலம் தாண்டி, நெரிசல் தாண்டி வர ஒரு மணி நேரம் ஆகும், அது உன் குற்றம் இல்லை. ஆனால் நான் காலையில் என்ன மாத்திரை போடுகிறேன் என்று உனக்குத் தெரியாது. எந்தப் பக்கக் காது கேட்காது என்று தெரியாது. போன வாரம் ஹுவே ஒரு தட்டில் இளநீரும் பழமும் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே, "இது கோயில்ல வச்சதில்ல, கடைல வாங்கினது, நீ சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு என்னைப் பற்றித் தெரிந்ததில் பாதிகூட உனக்குத் தெரியாது மகனே.

அந்தக் கட்டத்தில் இருந்த உன் பெயரை அடித்துவிட்டேன். மேலே ஹுவே என்று எழுதியிருக்கிறேன். நீ என் பிள்ளை என்பதை யாராலும் அடிக்க முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் இன்றைய தேதிக்கு என் அவசரத்துக்கு ஆள் நீ இல்லை. அந்த இடம் உனக்கு வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காரோடு வராதே. வேலை நாளில் ஒரு சாயங்காலம், ஒரு காரணமும் இல்லாமல், சந்து முனையில் இறங்கி நடந்து வா. வழியில் நாலு பேர் எங்கே இவ்வளவு தூரம் என்று கேட்பார்கள், நின்று பதில் சொல்லு. அவர்கள் வீட்டில் யார் யார் என்று நீயும் கேளு. அப்படி எத்தனை தடவை வர வேண்டும் என்று என்னைக் கேட்காதே, அதற்குக் கணக்கு இல்லை. உன் பெயரை அடித்த இடத்தில் தாள் கொஞ்சம் கிழிந்திருக்கும். உம்மாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அழுத்தித்தான் அடித்தேன்.

உன் உம்மா